கல்லான பல்லும் கடற்பூதமும்

கம்மாபுரத்தில் பிறந்தவனுக்குக் கடல் அண்டை வீடன்று. விருத்தாசலத்திற்கும் நெய்வேலிக்கும் அண்மையில் உள்ள எங்கள் ஊரிலிருந்து பரங்கிப்பேட்டைக் கடற்கரைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் உண்டு. நாங்கள் சிறுவராய் இருந்தபோது கடலைக் கண்டவர்கள் எங்கள் தெருவில் மிகச் சிலரே. ஆயினும், ஒரு கடற்பூதத்தின் பல் எங்கள் வீட்டு மாடத்தில் இருந்தது. அந்தப் பல்லின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

என் சிற்றப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் வேலை பார்த்தார். பீங்கான் பொம்மையோ மின்கம்பிக்கு வேண்டிய பீங்கான் உறுப்போ செய்வதற்கு முதலில் அச்சு வேண்டும். அச்சுக்குப் பாரிஸ் சாந்து வேண்டும். பாரிஸ் சாந்துக்கு மூலப்பொருள் ஜிப்சம் என்னும் கனிமம். அந்தக் கனிமம் தேடிப் பெரம்பலூர்ப் பக்கம் சென்ற ஒருவரோடு என் சிற்றப்பாவும் ஒரு முறை சென்றிருந்தார். திரும்பி வருகையில் சட்டைப் பையில் ஒரு சிறு கல்லைக் கொண்டுவந்தார். அது முக்கோண வடிவில் இருந்தது. கரும்பழுப்பு நிறம், மேற்பரப்பு நெய் தடவினாற்போல மினுமினுத்தது. இரு விளிம்புகளும் விரலைக் கீறும் அளவுக்குக் கூர்மையாய் இருந்தன.

என் பாட்டி அதைக் கையில் வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்தார். “இது கல்லில்லை ராசா, பல்லு. கடல் பூதத்தோட பல்லு” என்றார். முன்னொரு காலத்தில் கடல் இந்தப் பக்கமெல்லாம் ஏறி நின்றதாம். அதனோடு ஒரு பூதமும் வந்ததாம். கடல் உள்வாங்கியபோது பூதம் திரும்பிப் போக மறந்து மணலில் மாண்டதாம். உடல் மக்கிப் போயிற்று. பல் மட்டும் மக்கவில்லை. இவ்வளவுதான் கதை. அன்று முதல் அக்கல் எங்கள் வீட்டு மாடத்தில் இடம் பெற்றது. பூச்சி கடித்தாலும் தேள் கொட்டினாலும் பாட்டி அதைச் சந்தனக் கல்லில் நீர் விட்டு இரண்டு இழைப்பு இழைத்துக் கடிவாயில் தடவுவார். இது எங்கள் வீட்டு வழக்கம். ஊர் வழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். பல ஆண்டுகள் இழைத்ததில் அதன் நுனி மழுங்கிப் போயிற்று.

உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு ஒரு நாள் அந்தக் கல்லை எடுத்துச் சென்று எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டினேன். பாட்டி சொன்ன கதையையும் சொன்னேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “உன் பாட்டி நான்கு செய்திகள் சொல்லியிருக்கிறார். அவற்றுள் மூன்று உண்மை” என்றார்.

நான்கில் மூன்று எவை? அது கல்லன்று, பல் என்பது ஒன்று. கடலில் வாழ்ந்த உயிரின் பல் என்பது இரண்டு. ஒரு காலத்தில் கடல் அந்த நிலத்தின்மேல் நின்றது என்பது மூன்று. அவ்வுயிர் பூதம் என்பது மட்டுமே பிழை. அது ஒரு சுறாமீன்.

மாணவ நண்பர்களே! இந்த மூன்று உண்மைகளை அடைவதற்கு ஐரோப்பிய அறிஞர் உலகம் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதை அறிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள். நிலத்திலிருந்து கிடைத்த இத்தகைய கற்களை அங்கே நாக்குக் கற்கள் என்று வழங்கினர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, அவை சந்திரன் தேயும் இரவுகளில் வானத்திலிருந்து விழுகின்றன என்னும் நம்பிக்கையைத் தம் நூலில் குறித்து வைத்தார். மால்ட்டா தீவில் இவை மிகுதியாகக் கிடைத்தன. புனித பவுல் அத்தீவின் பாம்புகளைச் சபித்ததால் அவற்றின் நாக்குகள் கல்லாயின என்று அங்கே கதை பிறந்தது. நஞ்சை முறிக்கும் ஆற்றல் இக்கற்களுக்கு உண்டு என்று நம்பிய மன்னரும் பிரபுக்களும் விருந்து மேசையில் அவற்றைத் தொங்கவிட்டு வைத்தனர். எங்கள் வீட்டு மாடத்திலும் ஐரோப்பிய அரண்மனையிலும் ஒரே பொருள் ஒரே நோக்கத்தோடு இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! ஒருவரை ஒருவர் அறியாத மாந்தர், ஒரே பொருளைக் கண்டு ஒரே வகையாக நினைத்திருக்கின்றனர்.

1666-ஆம் ஆண்டில் இத்தாலியின் லிவோர்னோ நகருக்கு அருகே மீனவர்கள் ஒரு பெருஞ்சுறாவைப் பிடித்தனர். அதன் தலையை ஆராயும்படி தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் பெர்டினாண்டோ, தம் ஆதரவில் இருந்த டென்மார்க்கு மருத்துவர் நிக்கோலாஸ் ஸ்டெனோவிடம் ஒப்புவித்தார். ஸ்டெனோ தலையை அறுத்துப் பார்த்தார். சுறாவின் பற்களும் நாக்குக் கற்களும் ஒன்றுபோல இருந்தன. அவருக்கு முன்பே, 1616-இல், பாபியோ கொலோன்னா என்ற இத்தாலியர் இதே கருத்தை வெளியிட்டிருந்தார். ஆனால் ஸ்டெனோ அங்கே நின்றுவிடவில்லை. கடல் உயிரின் பல் மலைப் பாறைக்குள் எப்படிப் புகுந்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். பாறை ஒரு காலத்தில் சேறாக இருந்திருத்தல் வேண்டும். சேறு அடுக்கடுக்காகப் படிந்திருத்தல் வேண்டும். அடியில் உள்ள அடுக்கே முந்தியதாக இருத்தல் வேண்டும் என்று முடிவு கட்டினார். 1669-இல் அவர் வெளியிட்ட இக்கருத்தின்மீதுதான் இன்றைய நிலவியல் எழுந்து நிற்கின்றது. ஒரு பல்லிலிருந்து ஓர் அறிவியல் துறையே பிறந்தது எனலாம்.

என் பாட்டிக்கு மட்டும் அது பல் என்பது எப்படி உடனே தெரிந்தது? விடை எளியது. பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் சுறாக் கருவாட்டைச் சந்தையில் வாங்கிப் பழகியவர் அவர். சுறாவின் வாயையும் பல்லையும் கண்ணால் கண்டவர். ஸ்டெனோ கத்தியால் அறுத்து அறிந்ததை அவர் அரிவாள்மணையில் அறிந்திருந்தார். ஆயினும், தாம் கண்ட சுறாவின் பல்லைவிட இது மிகப் பெரிதாக இருந்ததால், உடையவன் மீனாக இருக்க முடியாது, பூதமாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதிவிட்டார். கண்டது சரி, கருதியதில்தான் வழி தவறினார்.

இனி அந்தச் சுறாவின் காலத்திற்குச் செல்வோம். இன்றைக்குச் சற்றேறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரீட்டேசியம் என்று நிலவியலார் அழைக்கும் காலத்தில், இந்தியா இன்றுள்ள இடத்தில் இல்லை. தெற்கே கோண்டுவானா என்னும் பெருநிலத்திலிருந்து பிரிந்து நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது அதன் கிழக்குக் கரையில் கடல் உள்ளே புகுந்தது. இன்றைய அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளும், விருத்தாசலத்தை ஒட்டிய பகுதியும், புதுச்சேரிப் பகுதியும் கடலுக்கு அடியில் கிடந்தன. அந்தக் கடல் முன்னேறியும் பின்வாங்கியும் விட்டுச் சென்ற சேறும் மணலும் சுண்ணாம்பும் இன்று பாறைகளாக நிற்கின்றன. எங்கள் கம்மாபுரத்து வயல்களுக்குக் கீழே நெடுந்தொலைவு தோண்டினால், பழைய காடு மக்கி உண்டான பழுப்பு நிலக்கரி கிடைக்கும்; அதற்கும் கீழே அந்தப் பழங்கடலின் படிவுகள் கிடக்கின்றன. கடலைக் காணாதவர் என்று எங்களை நாங்களே எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில் கடலின்மேல்தான் நாங்கள் ஏர் உழுதுகொண்டிருந்தோம்.

இந்தப் படிவுகளை உலகுக்கு முதலில் எடுத்துக் காட்டியவர்கள் சென்னை அரசாங்கப் பணியில் இருந்த கேய், கன்லிப் என்ற இரு ஆங்கிலேயர். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சங்கு, சிப்பி முதலிய கற்படிமங்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். அவற்றுள் மீன்களின் எச்சங்களை ஆராய்ந்து 1845-இல் எழுதியவர் பிலிப் எகெர்ட்டன். சிப்பி முதலியவற்றை எட்வர்டு பார்ப்ஸ் ஆராய்ந்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்போர்டு அப்பகுதி முழுவதையும் நடந்து அளந்து, 1862-இல் விரிவான நூல் வெளியிட்டார். உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அப்பாறைகளை மூன்று தொகுதிகளாக அவர் வகுத்த முறை இன்றும் அடிப்படையாய் இருக்கின்றது. அவற்றில் கிடைத்த உயிரெச்சங்களை 1873 வரை தொடர்ந்து வருணித்தவர் பெர்டினாண்டு ஸ்டோலிச்கா. அப்பணி முடிந்த மறு ஆண்டே, மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் உயிர் நீத்தார்.

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்றோர் ஊர் உண்டு. அதை அடுத்துள்ள நிலம் மழைநீர் அரித்து அரித்துச் சிறு சிறு குன்றுகளும் பள்ளங்களுமாகப் பிளந்து கிடக்கின்றது. சிவப்பும் மஞ்சளும் சாம்பலும் கலந்த களிமண். அதன் ஊடே கண்ணாடித் தகடுபோல மின்னும் ஜிப்சம். என் சிற்றப்பா சென்றது அங்கேதானோ என்னவோ! அந்தக் களிமண்ணில்தான் பழங்கடல் தன் உயிர்களைப் புதைத்து வைத்திருக்கின்றது. நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட்டுகள், அம்புமுனை போன்ற பெலம்னைட்டுகள், இவற்றோடு சுறாவின் பற்களும் உண்டு. மீன்வடிவம் கொண்ட இக்தியோசார் என்னும் பெரிய கடல் ஊர்வனவின் முள்ளெலும்புகளைத் திருச்சிராப்பள்ளிப் பகுதிப் பாறைகளிலிருந்து கிடைத்தவையாக 1879-இலேயே ரிச்சர்டு லிடேக்கர் வருணித்திருக்கின்றார்.

சுறாவுக்கு எலும்பு இல்லை. அதன் உடற்கூடு முழுவதும் குருத்தெலும்பு. ஆகையால் இறந்த சுறாவின் உடல் விரைவில் அழிந்துபோகும். ஆனால் பல்லோ கடினமான பூச்சு உடையது. மேலும், சுறாவின் வாயில் பற்கள் வரிசை வரிசையாக முளைத்துக்கொண்டே இருக்கும். முன்வரிசை விழ, பின்வரிசை முன்னே வரும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கின்றது. அதனால்தான் உடல் கிடைக்காத இடத்திலும் பல் கிடைக்கின்றது. உடல் மக்கிற்று, பல் மக்கவில்லை என்று பாட்டி கதையில் சொன்னாரே, அதுவும் உண்மைதான்.

காரைப் படிவுகளில் கிடைத்த சுறாப் பற்களை ஆராய்ந்த அறிஞர் குழு ஒன்று 2011-இல் ஓர் இனத்திற்கு டுவார்டியஸ் சுடிண்டிகஸ் என்று பெயரிட்டது. இரண்டாம் சொல்லுக்குத் தென்னிந்தியாவைச் சேர்ந்தது என்று பொருள். நம் மண்ணின் பெயரைத் தாங்கிய பழஞ்சுறா அது! அதன் பற்களே கிடைத்திருப்பதால் உடலளவைத் திட்டமாகக் கூற இயலாது. ஆயினும், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சுறாவின் முள்ளெலும்பு வட்டுகள் ஆஸ்திரேலியாவின் வடகரையில் டார்வின் நகருக்கு அருகே கிடைத்தன. 2025-இல் வெளிவந்த ஆராய்ச்சி, ஏறக்குறைய 11.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அச்சுறாவின் நீளம் 8 மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. காரையில் மற்றொரு சுறாவின் பற்களும் கிடைத்துள்ளன. அதன் பெயர் டிக்கோடஸ். அதன் பல் கிழிக்கும் பல்லன்று. அம்மிபோல அகன்று, மேலே வரி வரியாக அமைந்தது. ஓடுடைய உயிர்களை நொறுக்கித் தின்றது அது. நெடுங்காலம் அதன் பல் மட்டுமே தெரிந்திருந்தது. உடல் எப்படி இருந்தது என்பது ஊகமாகவே இருந்தது. மெக்சிகோவில் கிடைத்த முழு உடற்சுவடுகளைக் கொண்டு 2024-இல்தான் அதன் உருவம் தெளிவாயிற்று. கடலடியில் மெல்ல ஊர்வது என்று பலர் எண்ணியிருந்த அந்தச் சுறா, உண்மையில் விரைந்து நீந்தும் உடலமைப்பு உடையதாய் இருந்தது. ஆராய்ச்சியாளரும் பாட்டியைப் போலவே பல்லை வைத்து உடலைக் கற்பனை செய்தனர். வேறுபாடு ஒன்றே: புதிய சான்று வந்ததும் பழைய கற்பனையைக் கைவிட்டனர்.

சுறாக்களில் எல்லாம் பெரியது என்று பெயர் பெற்றது மெகலடான். அப்பெயருக்குப் பெரும்பல் என்று பொருள். சுவிட்சர்லாந்து அறிஞர் லூயி அகாசி இட்ட பெயர் அது. அதன் பல் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் வரை உள்ளது. விரித்த உள்ளங்கையை மறைக்கும். அது டிக்கோடஸ் காலத்ததன்று, மிகப் பிந்தியது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தது என்பர். நீளம் 15 மீட்டர் என்றும் 20 மீட்டர் என்றும் அதற்கு மேல் என்றும் மதிப்பீடுகள் மாறி மாறி வந்துள்ளன. கடல் குளிர்ந்ததும், இரையாயிருந்த சிறு திமிங்கிலங்கள் குறைந்ததும், வெள்ளைச் சுறாவின் போட்டியும் அதன் அழிவுக்குக் காரணமாகலாம் என்று கருதுகின்றனர். ஆழ்கடலில் அது இன்றும் ஒளிந்திருக்கின்றது என்று கதை கட்டுவோர் உண்டு. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் ஆய்வுக் கப்பல் பசிபிக் கடலடியிலிருந்து அதன் பற்களை வாரி எடுத்தது உண்மை. அவை அண்மைக் காலத்தன என்று 1959-இல் ஒருவர் கணக்கிட்டதும் உண்மை. ஆனால் பல்லின்மேல் படிந்த மாங்கனீசுப் படிவின் தடிப்பைக் கொண்டு போட்ட அக்கணக்கு நம்பத்தக்கதன்று என்று பின்னர் விளங்கிவிட்டது. கரையோர வெதுவெதுப்பான நீரில் திமிங்கிலங்களைத் தின்று வாழ்ந்த ஓர் உயிர், இரை அரிதான இருண்ட ஆழத்தில் எவர் கண்ணிலும் படாமல் வாழ்கின்றது என்பது பொருந்தாத கூற்று.

அப்படியானால் கடற்பூதக் கதைகள் எங்கிருந்து வந்தன? இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. மூன்று வழிகளைக் கூறலாம்.

முதல் வழி, உயிரோடு இருக்கும் பெரிய உயிர்கள். நம் நெய்தல் நில மக்கள் சுறாவை நன்கு அறிந்தவர்கள். சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட பரதவர் வழக்கத்தைப் பட்டினப்பாலை கூறுகின்றது. கொம்பு என்பது வாள்போல் நீண்ட மூக்குடைய வேளா மீனின் உறுப்பாதல் கூடும். அஞ்சத்தக்க உயிரை வணங்கத்தக்கதாகவும் கொண்டனர் அவர்கள். திமிங்கிலம் என்னும் சொல்லையே பாருங்கள். திமி என்பது பெருமீன். திமியை விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம். கடலின் பெருமையை அளக்க மாட்டாத மனம், விழுங்குவதை விழுங்குவது என்று அடுக்கிக்கொண்டே போகின்றது. தீவு என்று எண்ணி இறங்கி அடுப்பு மூட்டிய மாலுமிகள், அது பெருமீனின் முதுகு என்று அறிந்து ஓடிய கதை அரபு நாட்டிலும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. வடநாட்டுக் கடலோடிகள் அஞ்சிய கிராக்கன் என்னும் பூதத்தின் பின்னே பெருங்கணவாய் இருந்தது. அதற்கு 1857-இல் அறிவியற் பெயர் இட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டீன்ஸ்ட்ரப்.

இரண்டாம் வழி, கரை ஒதுங்கிய பிணங்கள். 1808-இல் ஸ்காத்லாந்துக்கு வடக்கே ஸ்ட்ரான்சே தீவில் ஒரு பேருடல் ஒதுங்கிற்று. 55 அடி நீளம் என்று அளந்தனர். நீண்ட கழுத்தும் சிறு தலையும் உடைய கடற்பாம்பு என்று எழுதினர். அதன் முள்ளெலும்பைப் பார்த்த இலண்டன் மருத்துவர் எவரார்டு ஹோம், அது ஒரு பெருஞ்சுறாவே என்றார். 1977-இல் நியூசிலாந்துக்கு அருகே ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் அழுகிய உடல் ஒன்று சிக்கியது. பழங்காலக் கடற்பல்லி என்று உலகமே ஆரவாரித்தது. அதன் இழைகளைச் சோதித்தபோது அவை சுறாவின் இழைகளை ஒத்திருந்தன. சுறா எப்படிப் பூதம் ஆகின்றது? அழுகும்போது முதலில் கீழ்த்தாடையும் செவுள்களும் கழன்று விழுகின்றன. எஞ்சுவது சிறிய மண்டையும் நீண்ட தண்டும். காண்பவர் கண்ணுக்கு அது சிறுதலையும் நெடுங்கழுத்தும் ஆகிவிடுகின்றது. சாவுதான் அங்கே சிற்பி.

மூன்றாம் வழி, கற்படிமங்கள். எங்கள் வீட்டு மாடத்துப் பல் இவ்வகை. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட்டைத் திருமாலின் சக்கரம் பொறித்த சாளக்கிராமமாக நம் நாட்டார் வழிபடுகின்றனர். நடுவே பெருந்துளையுடைய சிறு யானை மண்டையோடுகளைக் கண்டே கிரேக்கர் ஒற்றைக்கண் அரக்கன் கதையைப் புனைந்திருக்கலாம் என்று 1914-இல் ஓதெனியோ ஆபெல் என்ற ஆஸ்திரிய அறிஞர் எழுதினார்.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஆபெல் கூறியது அழகிய ஊகம். ஆனால் மண்டையோட்டைக் கண்டே அக்கதை பிறந்தது என்று எந்தக் கிரேக்க நூலும் கூறவில்லை. நம் கோயில்களில் தோரணங்களின் இரு புறமும் வாய் பிளந்து நிற்கும் மகரத்தைப் பார்த்து, காரைச் சுறாப் பற்களைக் கண்டவர்கள்தான் இதைச் செதுக்கினர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இளமையில் அப்படி ஒரு கட்டுரைகூட எழுதத் தொடங்கினேன். ஆனால் சான்று ஒத்துழைக்கவில்லை. கடலுக்கு நெடுந்தொலைவில், பீகாரில் உள்ள லோமச ரிஷி குகையின் வாயிலில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே மகரம் செதுக்கப்பட்டிருக்கின்றது. அதன் முகத்தில் கங்கையின் முதலையைக் காண்கின்றோம். சில இடங்களில் யானையின் துதிக்கையைக் காண்கின்றோம். உடலில் மீனைக் காண்கின்றோம். காரைப் பல் அதற்குத் தேவைப்படவில்லை. எழுதிய தாள்களை நானே கிழித்துப் போட்டேன். வருத்தம் இருந்தது. ஆயினும், உண்மையைப் போலத் தோன்றும் ஒன்றை உண்மை என்று மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட அவ்வருத்தம் சிறிதே.

மீண்டும் என் பள்ளி அறைக்கு வருகின்றேன். ஆசிரியர் அன்று இன்னொரு கேள்வி கேட்டார். “இது எந்த ஊரில், எந்த மேட்டில், எந்த அடுக்கில் கிடைத்தது?” “பெரம்பலூர்ப் பக்கம், ஐயா” என்றேன். “பெரம்பலூர்ப் பக்கம் என்றால் எங்கே?” எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிச் சென்று கேட்கவும் வழியில்லை. அதற்கு முந்தைய ஆண்டே என் சிற்றப்பா காலமாகிவிட்டார். ஆசிரியர் பல்லை என் கையில் திரும்ப வைத்தார். “இது நமக்கு வந்த கடிதம், தம்பி. ஆனால் எழுதியவன் ஊரும் தேதியும் கிழிந்துபோயிற்று” என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் பல ஆண்டுகள் கழித்துக் காரைக்குச் சென்றபோதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. அங்கே ஓர் அடுக்குக்கும் அதற்கு மேலுள்ள அடுக்குக்கும் இடையே இலட்சக்கணக்கான ஆண்டுகள் கிடக்கின்றன. எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரிந்தால், அந்தப் பல் கடலின் ஆழத்தையும் காலத்தையும் உடன் வாழ்ந்த உயிர்களையும் சொல்லும். தெரியாவிட்டால், அழகிய கல் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. பாட்டி இழைத்ததனால் அதன் நுனி மட்டுமே போயிற்று. இடம் எழுதாமல் எடுத்ததனால் அதன் வாயே போயிற்று.

அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்காக வெட்டப்படுகின்றது. நாட்டுக்குச் சிமெண்டு வேண்டும். அதை மறுப்பார் இல்லை. காரையிலோ மழையே ஆண்டுதோறும் மண்ணைக் கரைத்துப் பல்லையும் சிப்பியையும் வெளியே தள்ளுகின்றது. அப்படி வெளிவருவதை எவரும் எடுக்காவிட்டால் அது உடைந்து மண்ணாகும். குறிப்பு எழுதாமல் எடுத்தால் ஊமையாகும். சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள கல்மரத்தை 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அது கிடந்த இடத்திலேயே காக்கப்பட்டதால்தான் இன்றும் அது நமக்குப் பாடம் சொல்லுகின்றது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் இத்தகைய எச்சங்களுக்காக ஓர் அருங்காட்சியகமும் அமைந்திருக்கின்றது. உங்கள் பள்ளிச் சுற்றுலாவில் அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

உங்களுள் எவருக்கேனும் வயலிலோ கிணற்று மேட்டிலோ ஓடைக்கரையிலோ இத்தகைய கல் தென்படக்கூடும். அதைப் பெயர்க்க முந்தாதீர்கள். கிடந்தபடியே படம் எடுங்கள். ஊர், நிலம், ஆழம், மண்ணின் நிறம், தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஆசிரியர் வழியாக அருகில் உள்ள கல்லூரி நிலவியல் துறைக்கோ அருங்காட்சியகத்திற்கோ தெரிவியுங்கள். விலை கொடுத்து வாங்க வருபவனிடம் கொடாதீர்கள்.

இன்னும் ஒன்று. பழஞ்சுறாவின் பல்லைப் போற்றும் நாம், வாழும் சுறாவை மறந்துவிடலாகாது. உலகில் வாழும் மீன்களுள் மிகப் பெரியது திமிங்கிலச் சுறா. அது நம் வங்கக் கடலிலும் வருகின்றது. மனிதனைத் தின்னாது, நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் நீரோடு உறிஞ்சி உண்ணும் சாதுவான உயிர். 2001 முதல் அதை வேட்டையாடுவது இந்தியாவில் சட்டப்படி குற்றம். நெய்தல் மக்கள் கொம்பு நட்டு வணங்கிய வேளா மீனோ இன்று கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலில் நிலைத்த ஒரு குலம், நம் தலைமுறையில் கதையாகி மாடத்துக்கு வந்துவிடக் கூடாது.

அந்தப் பல் இன்று என் மேசைமேல் இருக்கின்றது. அதனோடு ஒரு சிறு சீட்டும் கட்டி வைத்திருக்கின்றேன். சுறாவின் பல், பெரம்பலூர்ப் பக்கம், இடமும் அடுக்கும் தெரியவில்லை என்று அதில் எழுதியிருக்கின்றேன். அதன் கீழே இன்னொரு வரியும் உண்டு: இதைப் பல் என்று முதலில் அறிந்தவர், கம்மாபுரத்தில் கருவாடு அரிந்த ஒரு பாட்டி.